கேக்குக்கு எதிர்க்கட்சி

அப்பச்சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றுகிறாள் அனஸ்தாசியா. மா விளிம்புவரை ஏறி நிற்கிறது. சட்டி மறுபடி அடுப்பில் இறங்குவதற்குள், "கேக்கெண்டா என்ன? பாணுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டா அது கேக்கு!" என்று ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிடுகிறாள். அப்பத்துக்குக் காத்திருக்கும் கரைவலைக்காரர்கள், கேக்கை வெறும் ரொட்டியாக்கிவிட்டதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கேக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதெல்லாம் அவளுக்கு ஒரு தடையா? வலை இழுத்துக் களைத்து வந்தவன் "ஒரு முட்டையப்பம் தாங்கக்கா" என்று கேட்டால் போதும். முட்டையிலிருந்து கேக்குக்குத் தாவ அவளுக்கு ஒரு நொடி ஆகாது.

கண்டக்குழிக் கரையில் தோணிகளை இழுத்து ஏற்றியிருக்கும் மணலைத் தாண்டினால், தென்னோலைக் கிடுகு வேய்ந்த அவளுடைய கொட்டில். ஒல்லியான உடம்பு; நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத கால்கள். எதைச் சொல்வதானாலும் "நான் சொல்றன் கேளுங்க" என்றுதான் தொடங்குவாள். மற்றவர்கள் சொல்ல வருவதையும் தானே முடித்து வைப்பாள், பெரும்பாலும் தப்பாக. பிறந்தது சிலாபத்துப் பக்கம் என்பதால் கோபம் வந்தால் சிங்களம் வரும், கும்பிடும்போது தமிழ். சட்டி பானை வாங்கப் போனால் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவாள். "சட்டி சொல்லும், விக்கிறவன் சொல்லமாட்டான்" என்பது அவள் கட்சி.

அவளுடைய பெரிய கட்சி வேறு. அதற்குப் பெயர் பை. கடைக்குக் கொண்டுபோகிற பை அல்ல. கோதுமை மாவையும் பட்டரையும் பிசறி, இரண்டு வட்டமாக உருட்டி, ஒன்றைத் தகரத் தட்டில் விரித்து, அதற்குள் பழமோ காயோ சீனி போட்டு நிரப்பி, மற்றதை மூடியாகப் போர்த்தி, விளிம்பைக் கிள்ளி ஒட்டிச் சுடுகிற பலகாரம். சிலாபத்தில் ஒரு தென்னந்தோட்டத்துத் துரையின் பங்களாவில் அவளுடைய தாய் குசினியில் சமையல் வேலை செய்தவள். கப்பலில் வருகிற ஆப்பிள் தீர்ந்துபோன மாதங்களில் அந்தத் தாய் மாங்காயைச் சீவி, கறுவாப்பட்டையும் கராம்பும் தட்டிப் போட்டுச் சமாளிப்பாளாம். துரை வீட்டில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை என்று அனஸ்தாசியா இன்றைக்கும் மார் தட்டிச் சொல்கிறாள்.

அவளை மணமுடித்துக் கண்டக்குழிக்குக் கூட்டி வந்தவன் லோறன்ஸ், தோணிக்காரன், பேச்சுக் குறைவானவன். வீட்டில் அவன் பங்குக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவனுக்கு அதில் நட்டமில்லை. ஆனால் லோறன்ஸுக்கு ஓர் அக்கா உண்டு. அவள்தான் பாக்கியம்மா. ஊரில் கல்யாணமா, ஞானஸ்நானமா, புதுநன்மையா, எதுவானாலும் நடுமேசையில் நிற்பது பாக்கியம்மாவின் கேக். ரவையும் மரமுந்திரிகைப் பருப்பும் போட்டு, மேலே வெள்ளை வெளேரென்று சீனிப் பூச்சு. குறை சொல்ல இடமில்லாத கேக் என்று ஊர் சொல்லும். பாக்கியம்மாவுக்கும் அதில் சந்தேகம் கிடையாது.

அனஸ்தாசியாவின் அப்பத்தைக் கண்டக்குழி நாள் தவறாமல் காசு கொடுத்து வாங்கித் தின்கிறது. ஆனால் ஒரு நல்ல நாளில், பெரிய மேசையில், அவள் கைப்பட்ட பண்டம் ஒன்றையும் ஊர் இதுவரை வைத்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அவள் பெயர் "சிலாபத்தாள்"தான். வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவார்கள். அகப்பையைத் தொட விடமாட்டார்கள். வாயாடிக்கு இதெல்லாம் உறைக்காது என்று ஊர் நினைத்தது. உறைத்தது. அவள் கேக்கின் மேல் கக்கிய கோபமெல்லாம் அந்த மேசையில் இடம் கிடைக்காத கோபம்தான்.

அந்த மேசைக்கு வழி ஒரு நாள் திறந்தது. செபமாலை முடிந்து பெண்கள் கோயில் விறாந்தையில் கூடியிருந்தபோது, கோயில் மூப்பர் சூசைப்பிள்ளை ஒரு செய்தி சொன்னார். பங்குச் சுவாமியாருக்கு அறுபது வயது நிறைகிறது. சிலாபத்தில் ஒரு சுவாமியாருக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்களாம், நாமும் கொண்டாடினால் என்ன? பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்தக் கரையில் பெயர்கொண்ட புனிதரின் திருநாளைக் கொண்டாடுவது உண்டு. பிறந்தநாளை யார் கண்டது?

"கேக்குத்தான்" என்றாள் பாக்கியம்மா. எல்லாத் தலையும் ஆடியது.

"நான் சொல்றன் கேளுங்க!" பின்வரிசையில் அனஸ்தாசியா எழுந்துவிட்டாள். "கேக்கு கலியாணத்துக்கும் செய்யிறீங்க, ஞானஸ்நானத்துக்கும் செய்யிறீங்க. அதையே குடுத்தா இது பிறந்தநாள் எண்டு சுவாமிக்கு எப்படித் தெரியும்? கேக்கப் பார்த்தாலே முழுக்கத் தெரிஞ்சுபோகும். பைய வெட்டினாத்தான் உள்ளுக்க என்ன எண்டு தெரியும். வாற வருஷத்துக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? பிறந்தநாளும் அப்படித்தானே!"

சொல்லி முடித்தபோது அவளுக்கே தன் பேச்சில் மயக்கம் வந்துவிட்டது. இரண்டொரு பெண்கள் "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்தார்கள். பாக்கியம்மா மட்டும் அசையவில்லை.

"மூடி வைச்ச பண்டத்த நம்பிச் சுவாமிக்குக் குடுக்க ஏலாது. கேக்கெண்டா நூறு பேருக்கு வெட்டலாம். ஒரு கிழமை வைச்சாலும் கெடாது. அதவிட, பிறந்தநாளெண்டா மெழுகுதிரி குத்தோணும். உன்ட பையில குத்தினா நிக்குமா?"

பாக்கியம்மா வெறும் பேச்சுப் பேசவில்லை. அவள் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் படம்: வெள்ளைக் கேக், அதைச் சுற்றிப் பிள்ளைகள், கேக்கின் மேல் எரிகிற மெழுகுதிரிகள். வயசுக்கு ஒன்று என்று மூப்பரே கேள்விப்பட்டிருந்தார்.

"அதக் கொளுத்திட்டு ஊதி நூக்கிறவங்க மச்சாள்" என்றாள் அனஸ்தாசியா. "துரை வீட்டில என்ட கண்ணால கண்டனான்."

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. மெழுகுதிரியை வாயால் ஊதி அணைப்பதா? "தின்னப்போற பண்டத்துக்கு மேல ஊதுறதா? வெள்ளைக்காரனெண்டாலும் மனிசன்தானே புள்ள!" என்று பாக்கியம்மா கேட்டாள். சிலாபத்தாளின் புளுகுகளோடு இதையும் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் மூப்பர் தீர்ப்புச் சொன்னார்: நடுமேசையில் கேக்; ஆசைப்பட்டால் அனஸ்தாசியா பையும் கொண்டுவரலாம், கதவோரமாக வைக்கலாம்.

கதவோரம்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷத்தில் வெங்காயத்திலிருந்து கதவோரம்வரை வந்தாயிற்று. அன்றைக்கே கற்பிட்டிக்கு நடந்து, சாஹுல் ஹமீதின் கடைப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு, கோதுமை மா, சீனி, பட்டர் டின் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். கதை முழுவதையும் கேட்ட கடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இஞ்ச பாருங்க தங்கச்சி, ஒங்கட பையும் வாணாம், அவங்கட கேக்கும் வாணாம். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊத்தி அவிக்கிற எங்கூட்டு வட்டிலப்பத்துக்கு முன்னால இதெல்லாம் நிக்குமா?"

"அதுக்கும் மூடி இல்லியே நானா!" என்று சொல்லிவிட்டு அவள் பாதி வழி வந்துவிட்டாள். பட்டர் டின் கடையிலேயே கிடந்தது. திரும்ப ஓடினாள்.

பிறகு அவள் வீட்டு முற்றத்தில் நடந்தது ஒரு யுத்தம். பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் பைத் தட்டை இறக்கி, தகரத்தால் மூடி, கீழே சிரட்டைத் தணல், தகரத்தின் மேலும் சிரட்டைத் தணல். முதல் பை கரியாயிற்று. இரண்டாவது மேலே பொன்னிறம், கீழே பச்சை மா. எல்லாவற்றையும் தின்று தீர்க்கிற வேலை லோறன்ஸுக்கு. "கருகிப் போச்சு" என்பான், "வேகல்ல" என்பான், தின்றுகொண்டே இருப்பான். "உங்கட அக்காட கேக்கப் பற்றி இப்படி ஒரு நாளாவது சொன்னீங்களா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, மீதியைச் சிங்களத்தில் கொட்டுவாள். மேல்தணலைக் கூட்டி, கீழ்த்தணலைக் குறைத்து, ஒரு நாள் சட்டியைத் திறந்தபோது கறுவா மணம் பக்கத்து வளவுவரை போயிற்று. வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அனஸ்தாசியா மணல் என்றும் பாராமல் குதித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர் கூடியது. சீமையில் புது ராசாவின் முடிசூட்டுக்குக் கட்டிய கடதாசித் தோரணத்தை அவிழ்க்காமலே விட்டிருந்தது வசதியாகப் போயிற்று. நடுமேசையில் பாக்கியம்மாவின் கேக், இதுவரை செய்ததிலேயே பெரியது. அதன்மேல் அறுபது மெழுகுதிரிகள். மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்து வாங்கி, புயலில் தோணி அகப்பட்டால் கொளுத்தவும் சாகக்கிடப்பவர் தலைமாட்டில் ஏற்றவும் பெட்டகத்தில் வைத்திருந்த திரிகள். வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கி, சின்னதாக நறுக்கிக் குத்தியிருந்தார்கள். கதவோரம் ஒரு வாங்குப் பலகையில் ஐந்தாறு தட்டுகளில் மாங்காய்ப் பை. அதன் பக்கத்தில் இருப்புக்கொள்ளாமல் அனஸ்தாசியா.

திரிகளை ஏற்றினார்கள். சுவாமியாரின் முகம் மலர்ந்தது. சின்ன வயசில் கடல் கடந்த தன் ஊரில் பழகியதை மறக்காத வெள்ளைக்கார மனிதர், மேசைமேல் குனிந்து, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"ஐயோ சுவாமி!"

மண்டபம் ஒரே குரலில் அலறியது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். சுவாமியார் உப்பிய கன்னத்தோடு அப்படியே நின்றார். "இவைகளை நான் ஊதலாகாதா?" என்று தமது புத்தகத் தமிழில் கேட்டார். மந்திரித்த திரி, வாயால் ஊதக்கூடாது என்று மூப்பர் காதில் சொன்னதும் அவர் கன்னம் மெல்ல வற்றியது. நல்ல மனிதர், ஊரார் மனசைப் புண்படுத்த விரும்பவில்லை. திரிகள் தாமாகவே எரிந்து அணையட்டும் என்று கைகட்டி நின்றுவிட்டார்.

எரிந்தன. ஒரு பாட்டுப் பாடினார்கள், இன்னொன்று பாடினார்கள், மாதா பிரார்த்தனை முழுவதும் சொன்னார்கள். அறுபது திரியின் சூட்டில் சீனிப் பூச்சு இளகியது. மெழுகு வழிந்து, பரவி, விளிம்பால் இறங்கி, கேக் முழுவதையும் மூடிக்கொண்டது. சுவாமியார் மரியாதைக்கு ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றார். நெடுநேரம் மென்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள்.

அனஸ்தாசியா கனவில்கூட இப்படி ஒரு திருப்பத்தைக் கண்டதில்லை. பைகள் நடுவுக்கு வந்தன. கத்தி இறங்கியதும் உள்ளிருந்து மணம் கிளம்பியது. அவள் துண்டு துண்டாக வெட்டி, ஓடி ஓடிக் கொடுத்தாள். கடைசியில் ஊர் அவள் கைப்பண்டத்தை ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து சாப்பிட்டது. "மிகவும் ருசிகரம்" என்றார் சுவாமியார். "நல்லாயிருக்கு" என்றார் மூப்பர். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று வாங்கு வாங்காகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அவள் முகம் வாடத் தொடங்கியது அப்போதுதான். இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அயலார் வீட்டில் சாப்பிட்டால் "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கையைக் கழுவுவார்கள், அது மரியாதை. உரிமையோடு குறை சொல்வது சொந்தக்காரரின் சமையலுக்கு மட்டும்தான். ஒவ்வொரு "நல்லாயிருக்கு"ம் அவளைச் சிலாபத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

பாக்கியம்மா அதுவரை நடுமேசையின் பின்னால் நின்று, கேக்கில் உறைந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கம் போகத் துணியவில்லை. அனஸ்தாசியா ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். பாக்கியம்மா வாங்கினாள். நின்றபடியே தின்றாள். மூடியைத் தின்றாள், மாங்காயைத் தின்றாள், அடித்தட்டையின் துகளையும் விரலால் ஒற்றி எடுத்தாள்.

"சீனி காணாது" என்றாள். "புளிப்புப் பல்லில நிக்குது. கராம்ப அள்ளிக் கொட்டியிருக்கிறாய். மாவ இன்னும் கொஞ்சம் பிசறியிருக்கோணும். இவ்வளவு காலமா இந்த ஊரில இருக்கிறாய், மாங்காயை எந்தப் பதத்தில பிடுங்கிறதெண்டு என்னட்ட ஒரு வார்த்தை கேட்டா உனக்கு வாய் நொந்துபோகுமா?"

லோறன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். வரப்போகிற இடியை எதிர்பார்த்து மூப்பர் ஓரடி பின்வாங்கினார்.

"ஓம் மச்சாள்" என்றாள் அனஸ்தாசியா. வாடியிருந்த முகத்தில் சிரிப்பு வழிந்தது. பாக்கியம்மாவின் கையிலிருந்த வெறுந்தட்டைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய், மிச்சமிருந்த பையில் முதல் துண்டைப்போல் இரண்டு மடங்கு வெட்டி வைத்து, திரும்ப ஓடிவந்து நீட்டினாள்.