சூளைக்குப் போன மண்

இன்று காலை அதியமான்கோட்டையில் யாரோ கட்டும் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்தார்கள். நனைந்த செங்கல்லில் எங்கள் நிலத்து வாசனை வந்தது. இழுத்தால் கடலைக்கொடி வேரோடு பொலபொலவென்று கையில் வரும், மழைக்கு மறுநாள் கால் வைத்தால் விரலிடுக்கில் பிதுங்கும், கோடைதோறும் ஏரி வற்றியதும் அம்மா வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிச் சேர்த்த மண் அது. அதைத்தான் செங்கல் சூளைக்கு அள்ளவிட்டார் அப்பா.

"மேல ரெண்டடிதான அள்றாங்க? கீழ நெலம் அப்படியேதான இருக்குது?"

"சோத்த அள்ளிக் குடுத்துட்டுத் தட்ட நக்குங்க," என்றாள் அம்மா.

கீழே இருந்தது வேர் இறங்காத சுக்கான்கல். பெய்த மழைநீர் தங்காமல் ஓடியது, விதைத்த கடலை முளையிலேயே கருகியது. மழை ஏமாற்றிவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். பொய். அந்தப் பாலைவனத்தை நாங்கள்தான் உண்டாக்கினோம்.

நிலம் முழுதும் இப்போது என் பெயரில்; அப்பா அள்ளவிடாத கிழக்குத் துண்டில் மட்டும்தான் மண் மிச்சம். வீடு திரும்பினால் அதன் ஓரத்தில் லாரியோடு சூளைக்காரர் நின்றார்.

"சுத்தியும் பொட்டலாப் போச்சு. இத மட்டும் வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?"

"பொட்டலுக்கும் சேத்து வரப்புக் கட்டப் போறேன். மழைத்தண்ணி நெலத்துல தங்கற வரைக்கும் கட்டுவேன். லாரிய எடுங்க, நீங்க நிக்கற எடத்துலதான் மொத வரப்பு."