அப்பா சாப்பிடும் பதினெட்டு விநாடி

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் எதிர் மேசையில் ஒரு கல்லூரிப் பெண். இலைக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரசம் ஊற்றுகிறவர் வரும்போதெல்லாம் அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள். திரையில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு நீலக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. சூடேறிய மடிக்கணினிக்கு ஒரு வாசனை உண்டு, தெரியுமா? அது ரச வாசனையோடு சேர்ந்து வந்ததும் பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன். கடைச் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஏழு வருடத்துக்கு முன் இந்தத் தெருவுக்குப் பின்னால்தான் நானும் அப்படியொரு கோடு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கல்லூரி. கடைசிப் பருவத்தில் ஆளுக்கு ஒன்றரை நிமிட அனிமேஷன் படம் செய்ய வேண்டும். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவ்வளவுதான் கதை. பெரிய கதையெல்லாம் எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. அப்பாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்றே புரியவில்லை. உறவுக்காரர்களிடம் பொத்தாம் பொதுவாகக் கம்ப்யூட்டர் என்று சொல்லி வைத்திருந்தார். முதல் முறையாகத் திரையிடலுக்கு வருகிறேன் என்றார். அவர் திரையில் தன்னைப் பார்த்து, இது நான்தான் என்று அடையாளம் காண வேண்டும். மதிப்பெண்ணைவிட எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு கண்டம். படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும், மற்றவர்கள் மஞ்சள் தாளில் குறை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள், படம் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்து என்னோடு படித்த குணா, என் படத்தில் அப்பா சாப்பிடும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னான்.

"இது உங்கப்பா சாப்பிடற மாதிரி இல்ல லா. நீ சாப்பிடற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயி அவர வீடியோ எடு."

"எங்கப்பா எப்படிச் சாப்பிடுவாருன்னு எனக்குத் தெரியாதா?"

சுருக்கென்று கேட்டுவிட்டேன். அவன் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். கிள்ளானுக்குப் போய்வரச் சோம்பல்பட்டு, வாடகை அறையில் கைப்பேசியை முன்னால் நிறுத்தி, நானே சோறு பிசைந்து சாப்பிட்டுப் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைந்திருந்தேன்.

திரையிடலுக்கு முந்தின நாள், கடைசி வெள்ளியன்று, உடன் படித்த அய்னா மலாயில் மெதுவாகக் கேட்டாள், உன் அப்பாவுக்கு இடது கைப் பழக்கமா என்று. என் பழைய கைப்பேசி முன்கேமராவில் எடுப்பதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றித்தான் சேமிக்கும். அதை அப்படியே பார்த்து வரைந்ததில் அப்பா பதினெட்டு விநாடியும் இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் தினமும் பார்த்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை. எங்கள் வீட்டில் இடது கையால் ஒரு வாழைப்பழம் கொடுத்தாலே அப்பாவுக்கு ஆகாது.

காட்சியைத் திருப்பிப் போடுவது ஒரு நொடி வேலை. ஆனால் திருப்பினால் சட்டைப்பை வலப்பக்கம் போனது, கைக்கடிகாரம் கை மாறியது. விநாடிக்குப் பன்னிரண்டாக இருநூற்றுப் பதினாறு படங்களைத் திருத்த வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கே மூவரும் உட்கார்ந்தோம். அய்னா கடிகாரம் வரைந்தாள். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட குணா முகம் சுளிக்காமல் சட்டைப்பை வரைந்தான். பன்னிரண்டரைக்குக் கணினி படத்தைக் கோக்கத் தொடங்கி, கோடு ஊர ஆரம்பித்தது. மூன்று மணிக்குத் திரையிடல்.

அப்பா கொமுட்டர் ரயிலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கிள்ளான் தாண்டியாச்சு என்றபோது நாற்பது சதவீதம். ஷா ஆலாம் என்றபோது நாற்பத்தொன்பது. சுபாங் ஜெயாவில் கோடு நின்றுவிட்டது. குணா கீழே ஓடிப் பூக்கடை மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூவரும் கணினிக்குக் காற்றுப் பிடித்தோம். கோடு மறுபடி நகர்ந்து முடிந்தபோது அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். சாப்பிடும் காட்சி வந்ததும் குனிந்து மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார். கூச்சம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு கே.எல். சென்ட்ரல் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா கரண்டி கேட்டார். வந்ததும் இடது கையில் எடுத்துக்கொண்டார்.

"படம் நல்லா இருக்கும்மா. வலது கை கன்டெய்னர் கதவுல மாட்டி ரெண்டு வருஷமாச்சு. இந்த ரெண்டு வெரலும் மடங்க மாட்டேங்குது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ வந்தா தட்ட ரூமுக்கே எடுத்துட்டுப் போயிடுவியே."

குறையாகச் சொல்லவில்லை. சோற்றைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்குப் பிறகு எதற்கும் பட்டதில்லை.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. பூக்கடையும் போய்விட்டது. அப்பா லோரியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் நான் கிள்ளானுக்குப் போய் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். இடது கையில் கரண்டி அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது.

கை நன்றாக இருந்த காலத்தில் அவர் சாப்பிடுவதை யாரும் படம் பிடிக்கவில்லை. யார்தான் பிடிப்பார்கள்? ஆல்பத்தில் கல்யாண வீடுகளில் விறைப்பாக நிற்கிறார். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எத்தனையோ வருடம் சாப்பிட்டிருக்கிறேன். கட்டைவிரலால் சோற்றை எப்படி நசுக்குவார், முதல் வாயை எப்படி எடுப்பார் என்று யோசித்தால், நான் வரைந்த அந்தப் பதினெட்டு விநாடிதான் வந்து நிற்கிறது. அதில் சோறு பிசைவது என் கை.