ஃபெஸ்டஸ் கேவகன் ஆடாத இறுதியாட்டம்

ஃபெஸ்டஸ் கேவகன் பந்தைப் பிடிக்க எழும்பினால், அவன் கால் தரையில் படுவதற்குள் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடித்துவிடலாம் என்று கில்வரின் என்ற பங்கு ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். பாதி மந்திரமாவது சொல்லலாம். அவர்கள் நாட்டுச் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் கையால் பிடிப்பதுதான் அழகு. அந்த அழகை ஆண்டவர் அவனுக்கு அள்ளிக் கொடுத்திருந்தார். பதினெட்டு வயதில் கவுண்டி என்கிற மாவட்ட அணியில் நடுக்களத்தில் நின்றான். பதினான்கு வருஷம் ஆடினான், அதன் கடைசி வருஷங்களில் இரண்டு மாகாணக் கோப்பை வாங்கினான். ஆனால் இன்றைக்கும் ஊரில் பேச்சு வந்தால், அவன் ஆடாத ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் வரும்.

இந்த ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரம் பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். திங்கட்கிழமை காலையில் அவன் பால் லாரி ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவான்.

"நேத்து அந்தப் பந்தை ஏன்டா விட்ட? கையில வெண்ணெய் தடவியிருந்தியா?" என்று கேனைத் தூக்கிக் கொடுக்கிற பெண்கள்கூடக் கேட்பார்கள்.

"உங்க வீட்டு வெண்ணெய்தான்க்கா. அதான் ஒட்டல."

ஐம்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது. தம்பி ஜார்லத் அங்கே குழாய் புதைக்கப் பள்ளம் வெட்டும் வேலையில் இருந்தான். பள்ளத்தின் சுவர் சரிந்து விழுந்ததில் செத்துப்போனான். அப்பா ஹியூபர்ட் தந்தியை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகினார். ஃபெஸ்டஸ் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தான்.

சவப்பெட்டி கப்பலில் வந்து, ரயிலில் வந்தது. அவன் தோள் கொடுத்தான். கனம் தெரியவில்லை. "மலை மாதிரி நிக்கிறான் பாரு, ஆண்டவர் பலம் கொடுத்திருக்காரு" என்று கல்லறையில் சொன்னார்கள். பலம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு யாருடையதோ போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. செபமாலை சொன்னான், லாரி ஓட்டினான், பயிற்சிக்குப் போனான். பந்து கையில் வந்து விழுந்தது. பிடித்தது கைதான்.

பாஸ்கா பண்டிகைக்குப் பிறகு துறைமுக நகரத்திலிருந்து ஒருவர் லாரிப் பக்கம் வந்து தொப்பியைக் கழற்றினார். சாக்கர் சங்கத்துக்காரர். "உங்க தம்பி இங்கிலாந்து போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ரெண்டு குளிர்காலம் ஆடினான். வேற பேர்ல. வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அவனுக்காக நிக்கப் போறோம். சொந்தப் பேரையே சொல்றோம்" என்றார்.

ஃபெஸ்டஸுக்கு இது அரசல் புரசலாகத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. பங்கின் கேலிக் சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஹியூபர்ட்டும் ஒருவர். அந்தச் சங்கத்தில் இருக்கிறவன் ஆங்கிலேயர் ஆட்டமான சாக்கரை ஆடக்கூடாது, நின்று பார்க்கவும் கூடாது. பார்த்தால் தடை.

அவன் போனான். இருபத்திரண்டு பேர் தலை குனிந்து நின்றார்கள். ஜார்லத் கேவகன் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் விசில் ஊதி ஆட்டம் தொடங்கிற்று. கிளம்ப நினைத்தான், கால் கிளம்பவில்லை. வேலியைப் பிடித்தபடி கடைசிவரை நின்றான்.

எதிர் வேலியில் சைக்கிள் கடை டாமினிக் நின்றார். யார் விதி மீறுகிறார்கள் என்று பார்த்து எழுதுவது சங்கத்தில் அவருக்குக் கொடுத்த வேலை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் விசாரணை. தலைவர் கிலோரன் வாத்தியார். ஹியூபர்ட் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாகாண இறுதியாட்டம் ஜூலையில். அப்போது கவுண்டி அணி கோப்பையைத் தொட்டு இருபது வருஷமாகியிருந்தது.

"ஃபெஸ்டி, நீ இல்லாம நடுக்களத்துல எவன் எழும்புவான்? டாமினிக்கா?" என்றார் வாத்தியார். மண்டபம் சிரித்தது. "அந்த ஆளு தொப்பியைக் கண்ணு வரைக்கும் இறக்கியிருந்தான், முகம் சரியாத் தெரியலன்னு டாமினிக் சொல்லுறாரு. நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

நான் இல்லை என்று சொன்னால், ஜார்லத்தின் பேரைச் சொன்னபோது அவன் வீட்டார் ஒருவரும் அங்கே நிற்கவில்லை என்று ஆகிவிடும். அவன் மனதில் அது ஒன்றுதான் ஓடிற்று.

"நான்தான் வாத்தியாரே."

"எதுக்குடா போன?"

"ஜார்லத்துக்காக. அவன் அங்க ரெண்டு வருஷம் ஆடியிருக்கான். அவனுக்காக ஒரு நிமிஷம் நின்னாங்க."

பின் வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. ஃபெஸ்டஸ் திரும்பவில்லை.

வாத்தியார் கெட்டிக்காரர். "அந்த ஒரு நிமிஷம் முடிஞ்சதும் கிளம்பிட்ட, அப்படித்தானே? பந்தை உதைக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டா அது ஆட்டம் பாத்ததாகாது."

"இல்ல. முடியிற வரைக்கும் நின்னேன்."

"அப்ப யாரு ஜெயிச்சா?"

"தெரியாது வாத்தியாரே."

"மூணுக்கு ஒண்ணு" என்றார் டாமினிக், வாய் தவறி.

"பாக்கக் கூடாத ஆட்டத்தை இவரு ஒருத்தர்தான்யா ஒழுங்காப் பாத்திருக்காரு!" என்று யாரோ கத்த, வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை ஃபெஸ்டஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆறு மாதத் தடை என்று எழுதினார்கள். வாத்தியார் எழுதும்போது பேனா இரண்டு தரம் நின்றது.

அன்றிலிருந்து ஹியூபர்ட் மகனோடு பேசியது மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். செபமாலையில் மட்டும் ஒருவருக்கு ஒருவர் பதில் சொன்னார்கள்.

இறுதியாட்ட ஞாயிறு மழை வரும்போல இருந்தது. அறுத்துப் போட்ட புல் நனைந்துவிடும் என்று, ஓய்வுநாளான அன்றைக்கும் வேலை செய்யப் பங்கு சாமியார் பீடத்திலிருந்தே அனுமதி கொடுத்தார். வயலில் யாரும் இறங்கவில்லை, எல்லோரும் ரேடியோவைச் சுற்றி இருந்தார்கள். ஃபெஸ்டஸ் மட்டும் புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கூச்சல் வந்தது, நின்றது, வந்தது. கடைசியில் ஓய்ந்தது. துக்கம் வருமா என்று பார்த்தான். வரவில்லை. அடுத்த வரிசைக்குப் போனான்.

ஹியூபர்ட் வேலி தாண்டி வந்தார்.

"ஒரு பாயின்ட்ல போச்சு."

"கேட்டுச்சுப்பா."

அவர் புல் புரட்டும் இன்னொரு கவைக்கோலை எடுத்துக்கொண்டு மகனுக்கு எதிர்ப்பக்கம் புரட்டத் தொடங்கினார். பாதி வரிசை வந்ததும், நிமிராமலே கேட்டார்:

"அங்க அவன் எப்படி ஆடினானாம்?"

"இடது கால் ஆட்டமாம். ஓரமா ஓடுவானாம். பதினோரு கோல் போட்டிருக்கான்."

"இடது காலா?"

"ஆமாப்பா."

"சின்னப் புள்ளையில அந்தக் காலால உதைக்காதடான்னு நான்தான் அதட்டுவேன்" என்றார் ஹியூபர்ட். இன்னும் இரண்டு தரம் புல்லைப் புரட்டிவிட்டு, "பதினொண்ணா?" என்றார்.

"பதினொண்ணு."

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் நாலு வரிசை மீதி இருந்தது. இருவரும் புரட்டினார்கள்.