முருகம்மாள் கொடுத்த கயிறு

சிவனணைந்தபெருமாள் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. குத்துக்கல்வலசையில் வீடு கட்டி வந்தபிறகு அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஞாயிற்றுக்கிழமைக் கூறுக்கறி. சனிக்கிழமை ஆய்க்குடிப் பக்கம் ஸ்கூட்டரில் போவார். வளர்ப்பவர் தோட்டத்திலேயே ஆட்டைப் பார்த்துப் பேசி வாங்கி வருவார். மறுநாள் காலையில் சுப்பு வந்து வெட்டுவான். ஓலைப்பாயில் பதினொரு கூறு. தெருவில் பதினொரு வீடு.

"கடையில தொங்குதது எந்த ஊரு ஆடோ. நான் வாங்குத ஆட்டுக்கு மூஞ்சி தெரியும்" என்று தெருவில் சொல்லிக்கொள்வார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஆடு கிடைக்கவில்லை. ஓணத்துக்காகப் புளியறை வழியாக வந்த கேரள வியாபாரிகள் எல்லாக் கொட்டகையையும் காலி செய்திருந்தார்கள். சாரலில் நனைந்துகொண்டு கடைசியாக முருகம்மாள் தோட்டத்துக்குப் போனார். நெற்றியில் வெள்ளை விழுந்த கிடா ஒன்று நின்றது. தாய் செத்துப்போனதால் அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது.

"இது கறிக்கு இல்ல, ஏட்டய்யா. வளக்கதுக்குன்னா தாரேன். முட்டுவலியோட இதுக்குப் பின்னால ஓட முடியல."

"வளக்கத்தான். வீட்டுக்குப் பின்னால புல்லு மண்டிக் கெடக்கு."

முப்பது வருடம் அடுத்தவர் பொய்யைக் கேட்டவர். தன் பொய் இவ்வளவு சுத்தமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கறிக்குப் போகிற ஆட்டுக்கு முருகம்மாள் கயிறு கொடுக்க மாட்டாள். வாங்குபவர் கொண்டுவந்த கயிற்றைக் கட்டியதும் தன்னுடையதை உருவிக்கொள்வாள். வளர்ப்புக்குப் போவது மட்டும் அவள் கயிறோடு போகும். நாலைந்து முறை கயிறு மாற்றி வாங்கியவருக்கு அது தெரியும். வண்டிப் பெட்டியில் சொந்தக் கயிறு இருந்தது. அவர் மூடியைத் திறக்கவில்லை.

பழைய நீலச் சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு. முனையை அவர் கையில் வைத்தாள்.

"கூப்பிட்டா வரும். இழுக்காதிய."

ஸ்கூட்டரில் காலடியில் நின்ற கிடா வழியெல்லாம் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, இது கைய நக்குதே. வளத்த குட்டியா?" என்றான் சுப்பு, மறுநாள்.

"பேசாம வேலையப் பாருலே."

கறி பஞ்சாக வெந்திருந்தது. அவர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

கயிறு பின்கட்டில் ஆணியில் தொங்கியது. துணிக்கொடி கட்ட அதை எடுக்கப்போன மனைவி ரெங்கம்மாளை, "தொடாத" என்றார்.

"என்ன, களவு கேஸ்ல புடிச்ச சாமானா? இவ்வளவு பத்திரம்?"

அடுத்த இரண்டு வாரமும் அவர் கால்வலி என்று சொல்லித் தெருவுக்குக் கறி இல்லாமல் செய்தார். மூன்றாம் சனிக்கிழமை கயிற்றைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஆய்க்குடிக்குப் போனார்.

முருகம்மாள் அகத்திக்கீரைக் கட்டோடு எதிரே வந்தாள்.

"போன வாரமே எதிர்பாத்தேன், வரலியே. அகத்தின்னா அதுக்கு உசுரு. கொண்டு போங்க. புது எடம்னு ராத்திரி கத்துதா?"

கட்டை வாங்கி வண்டியில் வைத்துவிட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும். அவர் பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். முறுக்கில் சிக்கியிருந்த வெள்ளை மயிரை விரலால் எடுத்தாள்.

"எத்தன கூறு?"

"பதினொண்ணு."

"நீங்களும் தின்னியளா?"

"தின்னேன்."

அவள் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அகத்திக் கட்டை அவிழ்த்து மற்ற ஆடுகளுக்குப் பிரித்துப் போட்டாள். சாரல் வலுத்தது. அவர் அசையவில்லை.

"வேற கிடா பாக்க வந்தியளோ?" திரும்பாமல் கேட்டாள்.

"இல்ல."

"பெறகு ஏன் மழையில நிக்கிய?"