பாறைக்கு மேலே புகை

எண்பதுகளின் கடைசியில் எங்களிடம் மலைமாடுகள் இருந்தன. தை பிறந்து கீழே புல் காய்ந்ததும் என் வீட்டுக்காரர் மாடுகளை மலைக்கு ஓட்டிப் போவார். மேலேயே பட்டி போட்டுத் தங்குவார். நானும் கொழுந்தனும் ராஜபாளையத்துக்கு மேற்கே அடிவாரத்தில் இருந்தோம். அரிசி, உப்பு தீரும்போது கொழுந்தன் கொண்டுபோய்க் கொடுப்பான்.

மேலே இருக்கிறவர் நல்லா இருக்கிறார் என்று தெரிய எங்களுக்கு ஒரே வழி புகை. காலையில் பட்டியைத் திறந்துவிட்டதும் அடுப்பில் பச்சைத் தழை போடுவார். பாறைக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்பும். அதைப் பார்த்த பிறகுதான் நான் களை எடுக்கப் போவேன். மாட்டுக்காரர் வீடுகளில் எல்லாருக்கும் இதுதான் பழக்கம்.

அந்த மலை முழுக்கக் கருங்கல். சரிவில் மண்ணே கிடையாது. மழைத் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. வெடிப்பில் மட்டும் புல்லும் ஈச்சையும், மேய்ச்சல் எல்லாம் உச்சியில்தான். கீழிருந்து பார்த்தால் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரே மலை.

ஒரு நாள் எங்கள் மாடு இரண்டு தானாக இறங்கி வந்து வாசலில் நின்றன. பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"ஏட்டி, மாடு ஆளில்லாம வந்திருக்கே. ஒம் வீட்டுக்காரரு எங்க?"

"காலையில புகை தெரிஞ்சுதே."

கொழுந்தன் சிரித்தான். "அண்ணனுக்கு நல்ல ஒறக்கம் மதினி. மாடு அவர விட்டுட்டு வந்திருச்சு."

"செத்த போயிப் பாத்துட்டு வாயேன்."

"புகை போடுற மனுசன நான் போயி என்னத்தப் பாக்க? அரிசி கொண்டு போவேம்லா, அப்பம் பாத்துக்கிடுதேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாளும் புகை வந்தது. அதற்கு மறுநாள் கன்றுக்காரப் பசு வந்தது. கன்று இல்லை. கன்றை விட்டுப் பசு வராது. பிறகு நான் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஏறினோம்.

மாட்டுத் தடம் சுற்று வழி, நேராகப் போனால் வெடிப்பில் கால் வைத்து, ஈச்சம் புதரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கிடந்தது. பட்டியில் ஆள் இல்லை. அடுப்பில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. சாம்பல் மேல் கீரி நடந்த தடம்.

நிமிர்ந்தேன். எதிரே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

எதிரே இன்னொரு மலை. நடுவில் பள்ளம். எட்டிப் பார்த்தால் அடி தெரியவில்லை. இத்தனை வருசம் ஒரு மலை என்று நாங்கள் பார்த்தது இரண்டு மலை. பின்மலையில் வைத்த புகை முன்மலை உச்சியில் எழும்புகிற மாதிரி கீழே தெரிந்திருக்கிறது. நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பார்த்தால் மலையில் ஒரு வெட்டு தெரியும். அந்த வெட்டுதான் இந்தப் பள்ளம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கொழுந்தன் பள்ளத்தைப் பார்த்து, "அண்ணே!" என்று கத்தினான். பாறை அவன் குரலையே திருப்பித் தந்தது. நானும் கத்தினேன். கீழே எங்கோ கன்று கத்தியது. சத்தம் வந்த பக்கம் வெடிப்பைப் பிடித்து இறங்கினோம்.

கன்றுக்குப் பக்கத்தில், பாறை இடுக்கில் அவர் கிடந்தார். கன்று சறுக்கியிருக்கிறது. பிடிக்கப் போனவரும் சறுக்கிவிட்டார். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கை எட்டுகிற தூரத்தில் பாறைக்குழியில் பாசித் தண்ணீர். உயிரைப் பிடித்து வைத்தது அதுதான்.

கண்ணைத் திறந்தார்.

"ஏன்ட்டி, ஒருத்தரும் வரல?"

"புகை தெரிஞ்சுதே."

"நான் எங்க நெருப்பு வச்சேன்?"

கொழுந்தன் எதிர்மலையைக் காட்டினான். அவர் தலையைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது தேனெடுக்கிறவிய. தெனமும் வைப்பாவ. அது கீழ தெரியுமா?"

"தெரியுது."

"அப்பம் இம்புட்டு வருசமா நீ பாத்தது?"

அதில் எது அவர் புகை, எது தேன்காரர் புகை என்று எனக்குத் தெரியாது.

கொழுந்தன் அவரை முதுகில் ஏற்றி வேட்டியால் கட்டினான். நான் கன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாட்டுத் தடம் வழியாக அடிவாரம் வந்து சேர்ந்தோம். கால் கூடியது, சாய்த்துத்தான் நடப்பார். அடுத்த தையில் மலைக்குப் போகிறேன் என்றார். பட்டி போட அவர் வெட்டி வைத்திருந்த கம்பை நான் எடுத்து அடுப்பில் வைத்தேன்.