ஒன்பதாவது புள்ளி

கண் என்றால் அது ஹெப்சிபாவின் கண். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கராக இருந்தவர். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணுவார். ஓர் இழை குறைந்தாலும் பழுதுக்கு அடையாளமாகத் துணியோரத்தில் சிவப்பு நூலை முடிந்துவிடுவார். முதலாளியே வந்து நின்றாலும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்.

பஞ்சுத்தூசி மூச்சுக்கு ஒத்துவராமல், கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் லேசர் லேபில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே வேலை விசித்திரமானது. தலைமுடியின் குறுக்கே பத்தாயிரத்தை அடுக்கலாம், அத்தனை பொடிசான குறைக்கடத்திப் படிகங்கள் ஒரு சொட்டுத் திரவத்தில் மிதக்கும். லேசர் ஒளியால் ஒன்றைப் பிடித்து நகர்த்தி, கண்ணாடித் தகட்டில் குறித்த இடத்தில் ஒட்டவைக்க வேண்டும். ஓர் இடத்துக்கு ஒன்றுதான். ஆராய்ச்சி மாணவர்களே திணறிய வேலை ஹெப்சிபாவுக்கு ஒரே மாதத்தில் கைவந்துவிட்டது.

ஒன்பது படிகங்களைச் சரியாக வைத்துக் காட்டினால் வேலையை நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்றார் பேராசிரியர் சாரங்கபாணி. ஆறு மாதத்துக்கொரு தடவை வேலை இருக்குமா என்று பயந்தே மூன்று வருடம் ஓட்டியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வைத்தார். திரையில் ஒன்பது பச்சைப் புள்ளிகள். சாரங்கபாணிக்கு வாயெல்லாம் பல். கடிதம் டைப் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

ஹெப்சிபா மட்டும் திரையை விட்டு நகரவில்லை. தனிப் படிகம் விட்டுவிட்டுத்தான் ஒளிரும், நடுவே அடியோடு அணைந்துபோகும். எட்டுப் புள்ளிகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஒன்பதாவது மங்கியதே தவிர அணையவில்லை. ஒன்று அணையும்போது பக்கத்தில் இன்னொன்று எரிந்தால்தான் அப்படி இருக்கும். கால் மணி நேரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சிவப்பு நூல் முடிந்த கை சும்மா இருக்குமா?

“சார், கடேசிப் புள்ளில ரெண்டு கெடக்கு. நாந்தான் அவசரப்பட்டு வச்சுட்டேன். லெட்டரு இப்ப வேண்டாம்.”

சாரங்கபாணி டைப் செய்வதை நிறுத்தினார். ஒளித்துகள்களை எண்ணும் கருவியைப் பொருத்தி ஒரு மணி நேரம் அளந்தார். இரண்டுதான்.

“ஒம்பதுதானம்மா கேட்டேன், பத்து வச்சிருக்கீங்க” என்றார். “நாளைக்குப் புதுத் தகடு போடுங்க.”

மறுநாள் சாயங்காலம் புதுத் தகட்டில் ஒன்பதாவது புள்ளி பட்டென்று இருண்டது. ஒரு வெளிச்சம் அணைந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷியை அந்த லேப் பார்த்ததில்லை.

கடிதம் போனது. பதவி என்ற இடத்தில் ‘செக்கர்’ என்று இருந்தது. அப்படியொரு பதவி கல்லூரியிலேயே கிடையாதே என்று ஆபீஸில் கேட்டார்கள். இனிமேல் உண்டு என்று சொல்லிவிட்டு வந்தார் சாரங்கபாணி.