மொட்டை மாடியில் இரண்டு பேர்

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். எல்லையில், ட்ரோன் வந்தால் கண்டுபிடிக்கிற மிஷினில் வேலை என்று அவன் சொன்னபோது எனக்குப் பாதி பயம் போயிற்று. எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவன் நான். மிஷின் என்றால் அதுவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். சண்டை வந்த நாட்களில் டிவியும் அதையேதான் சொன்னது. எது வந்தாலும் நடுவானத்திலேயே விழுந்துவிடுமாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "உன் புள்ள ஏசி ரூம்ல குந்திக்கினு பட்டன் தட்டுறான். நீ இன்னாத்துக்குய்யா இங்க தூங்காம கெடக்குற?"

ஒரு சாயங்காலம் மகன் போன் செய்தான். மிஷின் நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்டேன்.

"செய்யுதுப்பா. பருந்து பறந்தாலும் கத்துது, பட்டம் பறந்தாலும் கத்துது. சின்னதா ஒண்ணு தாழ வந்தா மட்டும் கம்முனு இருக்குது. அதான் ரெண்டு பேரு மொட்டை மாடில நின்னுக்கினு காதால கேக்குறோம்."

"நீயுமா?"

"முறை போட்டுத்தான்பா. அம்மாகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மிக்சி ஓடினாலும், தண்ணீர் மோட்டார் ஓடினாலும் நான் அண்ணாந்து பார்த்தேன்.

அந்த வாரம் தெருவில் பாவு விரித்தோம். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, அறுந்ததை முடிந்துகொண்டே போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை. ஒரு முனை என் கையில். முனையைப் பிடித்தவன் என்ன ஆனாலும் விடக்கூடாது. தலைக்கு மேல் மிக்சி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் வந்தது. விட்டுவிட்டுச் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். பாவு தரையில் சுருண்டு விழுந்தது.

அடுத்த தெருக் கல்யாணத்தைப் படம் எடுக்க வந்த ட்ரோன் அது.

"யோவ், உன்ன போட்டோதான்யா எடுக்குது! சிரிச்ச மாதிரி நில்லு!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தெருவே சிரித்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. என்னோடு உட்கார்ந்து மதியம் வரை சிக்கெடுத்தாள். இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவன் வெளியதான் நிக்கிறானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சண்டை நின்றுவிட்டது. நேற்று மகன் போனில் சந்தோஷமாகப் பேசினான். புது மிஷின் வந்திருக்கிறதாம், தாழ வருவதையும் பார்த்துவிடுமாம். மனைவி போனை வாங்கினாள்.

"அப்ப இனிமே மாடில ஆளு நிக்க வேணாமில்ல?"



"மிஷினே மாடிலதாம்மா இருக்குது. அதப் பாத்துக்க ரெண்டு பேரு வேணும்ல?"

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள்.